ஆறடிக்கு எங்கே போவது?

ப்ளூடூத் தூரத்தை அளக்கும் கருவி இல்லை. சிக்னல் எவ்வளவு வலுவாக வந்து சேர்கிறது என்று பார்த்து, இவ்வளவு தூரம் இருக்கலாம் என ஊகிக்கத்தான் 2020இல் அதனால் முடிந்தது. போன் சட்டைப்பையில் இருந்தால், நடுவில் ஆளோ சுவரோ இருந்தால், ஊகம் மாறிவிடும். 2020 ஏப்ரல் 2 அன்று ஆரோக்கிய சேது செயலி வந்தபோது, மென்பொருள் எழுதிப் பிழைக்கிற எங்களில் பலரும் பேசிக்கொண்டது இதைத்தான். ஆனால் அந்த ஊகம் அச்சுப்பிசகாமல் இருந்தாலும் தீராத கேள்வி ஒன்று உண்டு. அது தொழில்நுட்பக் கேள்வி அல்ல.

செயலியின் தர்க்கம் எளிமையாக இருந்தது. அருகருகே வந்த இரண்டு போன்கள் அடையாள எண்களைப் பரிமாறிக்கொள்ளும். ஒருவருக்குத் தொற்று உறுதியானால் மற்றவருக்கு எச்சரிக்கை போகும். அவர் விலகி இருந்துகொள்வார். கடைசி வாக்கியத்தை எழுதியவர் யாராக இருந்தாலும், அவர் வீட்டில் ஒரு அறை கூடுதலாக இருந்திருக்கும்.

நொச்சிக்குப்பத்தில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஹவுசிங் போர்டு அடுக்குகள், நடுவில் லூப் ரோடு. ஒரே மாடிப்படியில்தான் அத்தனை குடும்பமும் ஏறி இறங்க வேண்டும். ஃபைபர் போட்டில் போகிறவர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் வலை இழுக்க முடியும். அங்கே நான் வழக்கமாக மீன் வாங்கும் அக்கா சொன்னார்: "ஆறடி தள்ளி நில்லுன்றாங்க தம்பி. என் வீட்ல ஆறடி தள்ளுனா பக்கத்து வீட்டு அடுப்பாங்கரைல நிப்பேன்." அப்படிப்பட்ட வீட்டில் "நீங்கள் தொற்றாளர் அருகே இருந்தீர்கள்" என்று போன் சொன்னால், அது தகவலா? எல்லோரும் எல்லோருக்கும் அருகில்தானே.

2020 மே 1 அன்று உள்துறை அமைச்சகம் வெளியிட்ட உத்தரவு, நோய்க்கட்டுப்பாட்டுப் பகுதிகளில் வசிப்பவர்களிடம் இந்தச் செயலி நூறு சதவீதம் இருப்பதை உறுதிசெய்யச் சொன்னது. மே 17 உத்தரவில் அந்தக் கறார் தளர்ந்தது. ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்காக 1921 என்ற எண்ணும் வந்தது. மிஸ்டு கால் கொடுத்தால் திருப்பி அழைத்து உடல்நிலையைக் கேட்டது. யாரும் விடுபடக் கூடாது என்ற நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் எச்சரிக்கப்பட்டவர் அடுத்து எங்கே போவார் என்பதற்கு எந்தத் திரையிலும் பொத்தான் இல்லை.

இதே கடற்கரையில் போன் ஊரையே காப்பாற்றியிருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரில் வேலை பார்த்த ஒருவர் சுனாமிச் செய்தி பார்த்துவிட்டுப் புதுச்சேரி அருகே நல்லவாடில் இருந்த தன் குடும்பத்துக்கு போன் செய்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே நடத்திவந்த கிராம அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊர் ஓடித் தப்பியது. அந்த எச்சரிக்கைக்குப் பொருள் இருந்தது, ஓடுவதற்கு மேட்டு நிலம் இருந்ததால். முடியாத ஒன்றை ஒருவருக்குக் கடமையாக்க முடியாது என்பது காண்ட்டோடு சேர்த்துப் பேசப்படும் பழைய வாதம். ஓட இடமில்லாதவரிடம் "ஓடு" என்று சொல்லும்போது ஆபத்து குறைவதில்லை. "நான் சொல்லிவிட்டேன், இனி உன் பொறுப்பு" என்று பாரம்தான் கை மாறுகிறது.

அதே சிங்கப்பூர், 2020 மார்ச் 20 அன்று ட்ரேஸ்டுகெதர் செயலியை வெளியிட்டது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் ஜேசன் பே, தொடர்பறியும் மனிதர்களின் இடத்தைச் செயலி நிரப்பிவிடாது என்று அப்போதே எழுதினார். மெச்ச வேண்டிய நேர்மை. அடுத்த சில வாரங்களில் தொழிலாளர் விடுதிகளில் தொற்று பரவியது. ஒரே அறையில் பத்துப் பேருக்கு மேல் படுத்திருந்தவர்களில் நம் ஊர்ப் பையன்களும் உண்டு. அங்கே குறைவாக இருந்தது ப்ளூடூத் அல்ல, இடம்.

எச்சரிக்கை ஒன்றுமே இல்லாததற்கு இது மேல் இல்லையா என்று நண்பர் கேட்டார். அடையாறில் தனி அறையும் வீட்டிலிருந்தே வேலையும் இருக்கிற எனக்கு மேல்தான். வேலை வீட்டு வாசலைத் தாண்டினால்தான் சோறு என்பவருக்கு?

அப்போது சென்னை மாநகராட்சி ஆயிரக்கணக்கான களப்பணியாளர்களை வீடு வீடாக அனுப்பியது. தெருத்தெருவாகக் காய்ச்சல் முகாம் போட்டது. தனிமைப்படுத்தப்பட்ட குடும்பங்களுக்குக் கடைக்குப் போய்வர ஃபோகஸ் என்ற பெயரில் தன்னார்வலர்களை அமர்த்தியது. இதை நான் புனிதப்படுத்த மாட்டேன். கதவில் ஸ்டிக்கர் ஒட்டியதும் தெருவைத் தகரம் வைத்து அடைத்ததும் அந்த நாட்களில்தான். செயலி காப்பதாகச் சொன்ன அந்தரங்கம், கதவில் அம்மணமாகத் தொங்கியது. ஆனாலும் கதவைத் தட்டி வந்தவருக்கு முகம் இருந்தது. திட்டலாம், திருப்பிக் கேட்கலாம்.

அக்காவின் வீட்டைப் பதினான்கு நாள் அடைத்தபோது கேட்டிருக்கிறார். "தெனம் வந்து காய்ச்சலா காய்ச்சலான்னு கேக்குறியேம்மா, அரிசி இருக்கான்னு ஒரு நாள் கேட்டியா?" அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல், குறிப்பெடுத்துக்கொண்டிருந்த அதே போனில் யாரையோ கூப்பிட்டுப் பேசினாளாம். மறுநாள் அரிசி வந்தது. அடுத்த வாரம் மாமியாரின் சர்க்கரை மாத்திரை தீர்ந்தபோது, அக்காவே அவளுக்கு போன் போட்டிருக்கிறார்.