ரசிகனின் பாத்தியதை

மேஜை மேல் மூன்று தொப்பிகள், மூன்று பல்கலைக்கழகங்களின் நிறங்களில். பின்னால் பதினேழு வயதுப் பையன், பக்கத்தில் அவன் அம்மா. ஹைஸ்கூல் உடற்பயிற்சிக் கூடம் நிரம்பி வழிகிறது. பையன் ஒரு தொப்பியை எடுத்து அணிந்துகொள்கிறான். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் சேரப்போகிறவர்கள், எந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஆடப்போகிறார்கள் என்பதை அறிவிக்கும் சடங்கு இது. (கால்பந்து என்பது பெயர்தான், பந்தைப் பெரும்பாலும் கையில் ஏந்தித்தான் ஓடுகிறார்கள்.) நான் படித்த பல்கலைக்கழகத்தின் தொப்பியும் மேஜை மேல் இருந்தது. அவன் அதைத் தொடவில்லை. தொலைக்காட்சி முன் இருந்த நான் அவனைத் திட்டினேன். அதோடு நிற்காமல், கைபேசியை எடுத்து அவனுக்கே இரண்டு வரி எழுதி அனுப்பினேன். அந்த வரிகளை இங்கே எழுதக் கூசுகிறது.

அவன் எனக்கு என்ன செய்துவிட்டான்? ஒன்றும் செய்யவில்லை. எங்களுக்காக ஓர் ஆட்டம்கூட ஆடியிராதவனை ஒன்றரை வருஷமாகப் புகழ்ந்துகொண்டிருந்தவன் நான்தான். நிபுணர்கள் அவன் பெயருக்கு எதிரே போட்ட ஐந்து நட்சத்திரங்களைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன். 'நம்ம பையன்' என்றேன். புகழ்வதால் யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்திருந்தேன். உண்மையில் அது அவன் கேட்காமலே நான் கொடுத்த முன்பணம். அவன் வராதபோது வசூலிக்கக் கிளம்பிவிட்டேன். என் வசையின் வேர் வெறுப்பில் இல்லை, அந்தப் புகழ்ச்சியில் இருந்தது என்று இப்போது படுகிறது.

வருகிறேன் என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு மனம் மாறும் பையன்களை 'வாக்குத் தவறியவர்கள்' என்கிறார்கள். இந்த வியாபாரத்தில் யாருடைய வாக்கு நிலையானது? 1973 முதல் 2012 வரை விளையாட்டுக்கான உபகாரச் சம்பளம் ஓராண்டுக்குத்தான் தரப்பட்டது. புதுப்பிப்பது பல்கலைக்கழகத்தின் இஷ்டம். 2021 நவம்பரில் ஒரே வாரத்தில் லிங்கன் ரைலி ஒக்லஹோமாவை விட்டுத் தென் கலிஃபோர்னியாவுக்கும், பிரையன் கெல்லி நோட்ர டாமை விட்டு லூயிசியானாவுக்கும் போனார்கள். பயிற்சியாளர் போவதைத் தொழில் என்று புரிந்துகொள்ள முடிகிற நமக்குப் பையன் போவது மட்டும் ஏன் துரோகமாகிறது?

பணத்தைச் சொல்லி ஒரு வாதம் உண்டு. 2021 ஜூலை முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விற்றுச் சம்பாதிக்கலாம். 2025 முதல் பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் தரலாம். சம்பளம் வாங்குகிறவன் வசவையும் வாங்கித்தான் ஆகவேண்டும் என்கிறார்கள். இதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. ஆடிய ஆட்டத்தைக் கறாராக விமர்சிக்கலாம். அதை அவன் தாங்கித்தான் ஆகவேண்டும். ஆனால் எங்கே போவது என்ற தேர்வு ஆட்டமல்ல. எழுதப்படாத கவிதைக்கு நாம் மதிப்புரை எழுதுவதில்லை. பணம் பதினேழு வயதை இருபத்தைந்தாக்கிவிடுவதும் இல்லை.

2008 பிப்ரவரியில் நெவாடாவின் ஃபெர்ன்லி என்ற சிற்றூரில் ஒரு பையன் இதே போலப் பள்ளி முழுவதும் கூடியிருக்க, ஆரகனை விட்டுக் கலிஃபோர்னியாவைத் தேர்ந்தெடுத்தான். இரண்டு பல்கலைக்கழகங்களுமே அவனை அழைத்திருக்கவில்லை. சில நாட்களில் எல்லாம் தன் கற்பனை என்று ஒப்புக்கொண்டான். அன்று நானும் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. நம் கைதட்டல் அந்த மேடைக்கு அத்தனை மதிப்பைக் கொடுத்திருந்தது. அழைக்கப்படாமல் இருப்பதை ஒரு பையனால் தாங்க முடியவில்லை. ஆகவே வசையை மட்டும் நிறுத்திவிட்டால் போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. வருமுன் புகழ்வதையும் நிறுத்தவேண்டும்.

அன்பாக நடத்துங்கள் என்றும் சொல்லமாட்டேன். அன்பும் சீக்கிரம் பாத்தியதை கொண்டாட ஆரம்பித்துவிடும். அவனோடு பேசாமலிருப்பதே ரசிகன் செய்யக்கூடியது. களத்தில் இறங்கியபின் கைதட்டலாம், குறை சொல்லலாம். அதுவரை அவன் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை.

நான் அனுப்பிய இரண்டு வரிகளை அவன் படித்தானோ என்னவோ. மன்னிப்புக் கேட்டு மூன்றாவது வரி எழுதலாம் என்று பலமுறை நினைத்தேன். அது என் மனச் சுமையை இறக்கி அவன் தலையில் வைப்பதாகும். எழுதவில்லை.