கொட்டிய தேனீயின் சாவு யார் கணக்கில்?

மார்கழிக் கடைசியில் எங்கள் பக்கத்து ரப்பர்த் தோட்டங்கள் மொட்டையாக நிற்கும். தை பிறந்து புதுத் தளிர் விரியும்போது, ஒவ்வொரு காம்பின் நுனியிலும், மூன்று இலை சேருகிற இடத்தில், இனிப்பு நீர் ஊறும். ரப்பர்த் தேன் பூவிலிருந்து வருவதல்ல, இந்தக் காம்பிலிருந்துதான். குமரி மாவட்டத்துத் தேனில் பெரும்பங்கு இதுவே. அந்தச் சில வாரங்களுக்காக மார்த்தாண்டம், குலசேகரம் பக்கத்துத் தேனீக்காரர்கள் பெட்டிகளை டெம்போவில் ஏற்றித் தோட்டம் விட்டுத் தோட்டம் போகிறோம். எல்லை தாண்டிக் கேரளத்துக்கும் போகிறோம்.

கூடவரும் புதுப் பையன்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: கொட்டு வாங்காமல் பெட்டி மாற்ற முடியுமா? பெரும்பாலும் முடியும். ஆனால் கொட்டு வாங்கக் கூடாது என்று நான் சொல்வது அவர்கள் தோலை நினைத்து அல்ல. நம்மில் பெரும்பாலோருக்கு ஓரிரு நாள் வீக்கம், அவ்வளவுதான். கொட்டிய தேனீயின் கொடுக்கில் பின்னோக்கிய முட்கள் உண்டு. அது நம் தோலில் மாட்டிக்கொண்டால், பறக்க எத்தனிக்கும்போது அடிவயிறு பிய்ந்து, நஞ்சுப் பையும் கொஞ்சம் குடலும் நம் கையிலேயே தங்கிவிடும். அந்தத் தேனீ சில மணி நேரத்தில் செத்துப்போகும். கையில் நின்றுவிட்ட கொடுக்கை உற்றுப் பாருங்கள். கடுகைவிடச் சிறிய வெளுத்த பை ஒன்று துடித்துக்கொண்டே இருக்கும். அதற்கென்று தனி நரம்பு முடிச்சு இருப்பதால், உடம்பை விட்டு வந்த பிறகும் நிற்காது. தசைகள் மாறி மாறி இழுத்துக் கொடுக்கை இன்னும் ஆழமாக இறக்கும், நஞ்சைச் செலுத்தும். உடையவள் போன பிறகும் வேலை நடக்கிறது.

உடையவள் என்றுதான் சொல்ல வேண்டும். கொட்டுவது எல்லாம் பெண் தேனீதான். கொடுக்கு என்பதே முட்டையிடும் உறுப்பு உருமாறியது. பிள்ளை பெறாத இந்தச் சகோதரிகள் அதை வீட்டுக் காவலுக்கு வைத்திருக்கிறார்கள். கொட்டுகிறவளையே கொல்லும் கருவியைக் குறைவற்ற படைப்பு என்று சொல்ல முடியுமா என்று டார்வின் 1859-இல் வெளியிட்ட தம் நூலிலேயே கேட்டிருக்கிறார். அவர் கேள்வி தேனீயின் உடம்பைப் பற்றியது. என் கேள்வி என்னைப் பற்றியது. அவள் வாசலுக்கு நான் போகாமல் இருந்திருந்தால் அவள் கொட்டியிருக்க மாட்டாள். அப்படியானால் அந்தச் சாவு யார் கணக்கில்?

ஞாயிறு பள்ளியில் வளர்ந்தவன் நான். எங்கள் வேதத்தில் தேன் வாக்குத்தத்தத்தின் உணவு. யோவான் ஸ்நானகன் காட்டில் உண்டது தேன். சிம்சோனுக்குச் சிங்கத்தின் பிணத்துக்குள்ளே கிடைத்தது தேன். தேன் எடுப்பதில் பாவம் இருக்கக்கூடும் என்ற நினைப்பே சிறு வயதில் எனக்கு வந்ததில்லை. வந்தது சிதறாலில்.

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்திலே இருக்கிற சிதறால் மலையை இந்த ஊர்க்காரர்கள் மலைக்கோயில் என்று சொல்லிக் கடந்துவிடுவோம். 9-ஆம் நூற்றாண்டில் அங்கே சமணத் துறவிகள் இருந்தார்கள். தீர்த்தங்கரர்கள் பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். பின்னாளில்தான் அது பகவதி கோயிலானது. அந்த அடிவாரத்தில் ஒருநாள், வந்தவாசிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த தமிழ்ச் சமணரான நயினார் ஒருவருக்குத் தேன் குப்பி ஒன்றை நீட்டினேன். கை கூப்பி மறுத்தார்.

“வேண்டாம் தம்பி. நாங்க தேன் சேர்த்துக்கிறதில்லை.”

“ஐயா, இது பிழிஞ்சு எடுத்ததில்ல. மெஷின்ல சுத்தி எடுத்தது. ஒரு புழுகூட சாகாது.”

“புழு சாகலை, சரி. உங்களைக் கொட்டினது?”

கோபமோ கேலியோ இல்லாமல், ஒரு தகவல் கேட்பது போலத்தான் கேட்டார். அதற்குப் பிறகு சமண நூல்களைத் தேடிப் படித்தேன். சமணர் விலக்கிய உணவில் புலால், மதுவோடு தேனும் உண்டு. 10-ஆம் நூற்றாண்டு வாக்கில் வாழ்ந்த அமிர்தசந்திரர் தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில், அடையிலிருந்து தானாக ஒழுகிய தேனைக்கூட விடவில்லை. அதைச் சார்ந்து பிறக்கும் உயிர்கள் சாகும் என்பதால் அதுவும் இம்சைதான் என்கிறார். அவர் காலத்தில் தேன் எடுப்பது என்றால் தீப்பந்தம் காட்டி, அடையை அறுத்து, புழுவோடு சேர்த்துப் பிழிவது. இன்று நம்மிடம் சட்டம் வைத்த பெட்டி இருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சியில் இருந்த இயேசு சபைப் பாதிரியார் நியூட்டன், நம் ஊர்த் தேனீயின் அளவுக்கு ஏற்ற பெட்டியை உருவாக்கினார். 1920-களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. வழியாகத் தேனீ வளர்ப்பு இங்குள்ள ஏழை வீடுகளுக்குப் பரவியது. பெட்டியும் தேன் சுற்றும் இயந்திரமும் புழுக்களைக் காப்பாற்றிவிட்டன என்பது உண்மை. ஆனால் அந்தப் பெரியவர் கேட்டதற்கு அவற்றிடம் பதில் இல்லை.

பதிலுக்குப் பக்கத்தில் என்னைக் கொண்டுபோனதும் இன்னொரு சமண நூல்தான். உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம், கவனமும் அடக்கமும் இல்லாத செயலால் உயிரைப் போக்குவதை இம்சை என்று வரையறுக்கிறது. வெறும் சாவை அது அளவுகோலாக வைக்கவில்லை. செய்கிறவனுடைய விழிப்பை வைக்கிறது. இதைப் படித்த நாள் முதல், பெட்டி மாற்றும் இரவின் ஒவ்வொரு வேலையும் எனக்கு வேறு வேலையாகிவிட்டது.

இரவில் மாற்றுவது, வெளியே போனவர்கள் எல்லாரும் வீடு திரும்பிய பிறகு வாசலை அடைக்க வேண்டும் என்பதற்காக. அதற்கு முன்பே தேனை எடுத்துவிட வேண்டும். தேன் கனத்த புது அடை குழியில் டெம்போ இறங்கும்போது அறுந்து விழுந்தால், கீழே ராணியும் சேர்ந்து நசுங்குவாள். சட்டங்கள் வண்டி போகும் திசைக்கு இணையாக இருக்க வேண்டும். வாசலுக்குக் கம்பி வலை போட வேண்டும். காற்றில்லாமல் அடைத்தால் தேனீக்களின் சூடே அவற்றைக் கொன்றுவிடும். புழுக்கமான சாயங்காலத்தில் வாசலுக்கு வெளியே கொத்தாகத் தொங்குகிறவர்களைக் கையால் தள்ளக் கூடாது. தேங்காய்க் கதம்பைப் புகை லேசாகக் காட்டினால் தாமாக உள்ளே போவார்கள். டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் கட்டுவோம், தேனீக் கண்ணுக்குச் சிவப்பு தெரியாது. வெள்ளை வெளிச்சம் என்றால் இருட்டில் அதை நோக்கியே ஊர்ந்து வந்து கையில் ஏறும், சட்டைக்குள் போகும், நசுங்கும், கொட்டும்.

ஒருத்தி கொட்டிவிட்டால் கையை உதறக் கூடாது. கொடுக்கை நகத்தால் சுரண்டி உடனே எடுத்துவிட வேண்டும். எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம். கொட்டிய இடத்திலிருந்து மட்டிப்பழ வாசனை போல ஒன்று எழும். அது மற்றவர்களுக்கு அபாயச் செய்தி. அதை முகர்ந்து அடுத்தடுத்து வருவார்கள். அதனால் அந்த இடத்தில் புகை காட்டி வாசனையை மறைத்துவிட்டு, சற்று விலகி நின்று, மூச்சு சமமானதும் வேலைக்குத் திரும்புவேன். அங்கே நான் பதறினால் எனக்கு வலி கூடும் என்பது ஒரு பக்கம். இன்னும் பத்துப் பேர் சாகக் கிளம்புவார்கள் என்பது மறுபக்கம். தியானத்தில் வருகிற அமைதியைப் பற்றி நிறையப் பேசுகிறோம். இந்த அமைதியால் அந்த நிமிடமே சில உயிர் பிழைக்கிறது. இதை நான் தியானத்துக்குக் கீழே வைக்க மாட்டேன்.

கொட்டு கண்ணுக்குத் தெரிகிற சாவு. தெரியாத சாவும் உண்டு. இருட்டுவதற்குள் வீடு திரும்பாமல், எங்கோ ஓர் இலையடியில் இரவைக் கழித்தவள் மறுநாள் காலை பழைய இடத்துக்கு வருவாள். பெட்டி இருக்காது. அந்த வெற்றிடத்தைச் சுற்றிச் சுற்றிப் பறப்பாள். அவள் என்னைக் கொட்டவில்லை, ஆனாலும் அவளை வீடற்றவளாக்கியது நான்தான். இதற்காக ஒரு பெட்டியை மட்டும் பழைய இடத்திலேயே விட்டுவருகிறேன். பின்தங்கியவர்களில் பலரை அந்தக் கூட்டம் ஏற்றுக்கொள்ளும். எல்லாரையும் என்று சொல்ல மாட்டேன். பக்கத்திலேயே மாற்றுவதானால் தினமும் ஓரிரு அடியாக நகர்த்துவோம். இல்லையென்றால் அவர்கள் பறந்து பழகிய எல்லைக்கு வெளியே, சில கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோவோம். இரண்டுக்கும் நடுவில் வைத்தால் பழைய இடத்துக்கே திரும்பிப் போய் மாய்வார்கள்.

கொண்டுபோகிற இடத்தில் மனிதர்களும் இருக்கிறார்கள். நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு விடியுமுன்னே பால்வெட்டு நடக்கும் தோட்டம் அது. என் பெட்டியால் வரும் வருமானத்தில் பால் வெட்டும் தொழிலாளிக்குப் பங்கில்லை, கொட்டில் மட்டும் பங்கு. அதனால் வெட்டுப் பாதைக்கு வாசலைக் காட்டி நான் பெட்டி வைப்பதில்லை. யாருக்காவது முன்பு தேனீ கொட்டி உடம்பெல்லாம் தடித்ததா என்று விசாரித்துக்கொள்வேன். கொட்டிய இடம் மட்டும் வீங்கினால் குளிர்ந்த நீர் ஒத்தடம் போதும், மோதிரம் இருந்தால் கழற்றிவிட வேண்டும். உதடும் நாக்கும் வீங்குவது, மூச்சு இழுப்பது, தலை சுற்றுவது என்றால் சுண்ணாம்பு தேடிக்கொண்டிருக்கக் கூடாது. நேரே ஆஸ்பத்திரி, அட்ரினலின் ஊசி. தேனீ நஞ்சு உடம்புக்கு ஒவ்வாத ஒருவரை ஒரே கொட்டு கொன்றுவிடலாம். தேனீயின் உயிரைப் பற்றி இவ்வளவு யோசிக்கிறவன் பக்கத்து மனிதனைப் பற்றி யோசிக்கவில்லை என்றால் அந்த யோசனைக்கு மதிப்பில்லை.

சரி, இவ்வளவும் செய்தால் குற்றம் கழிந்துவிடுமா? என் வேதத்தில் உபாகமம் 22-ஆம் அதிகாரத்தில் ஒரு கட்டளை இருக்கிறது. குருவிக்கூட்டைக் கண்டால் குஞ்சை எடுத்துக்கொள்ளலாம், தாயைச் சேர்த்துப் பிடிக்கக் கூடாது. எடுப்பதை அனுமதித்து, அதற்கு ஓர் எல்லையையும் போடுகிறது. நெடுநாள் இதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆடி ஆவணியில் மழை பிடித்து, வெளியே தீனி கிடைக்காத மாதங்களுக்கென்று கூட்டில் தேனை விட்டுவைப்பது இந்த எல்லையை நினைத்துத்தான். சமண முனிவர்கள் பாடியதாகச் சொல்லப்படும் நாலடியார், தானும் உண்ணாமல் பிறருக்கும் கொடுக்காமல் பொருள் சேர்த்து இழக்கிறவனுக்குத் தேனீயைச் சாட்சியாகக் காட்டுகிறது. இதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். தேனீ கஞ்சன் அல்ல. கோடையில் உழைத்துச் சாகிறவள் சேர்ப்பது, மழையில் வாழப்போகிற, அவள் பார்க்கவே போகாத தங்கைகளுக்காக.

1991, 92 வாக்கில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் வந்து புழுக்கள் அறையிலேயே நீர்ப்பையாகி அழுகின. குமரியில் பெட்டி பெட்டியாகக் காலியானது. அன்று தொழிலை விட்டுவிடாமல் மிஞ்சிய கூட்டங்களைக் காத்துப் பெருக்கியவர்கள் தேனீக்காரர்கள்தான். இதை எங்கள் பக்கத்துப் புண்ணியமாகச் சிலர் எழுதிக்கொள்கிறார்கள். நான் எழுதிக்கொள்வதில்லை. நாம் இல்லாமலே மரப்பொந்தில் வாழத் தெரிந்த உயிர் அது. அதை வளர்த்தோம் என்பதால் ஒருத்தியின் சாவு கணக்கில் கழிந்துவிடாது.

ஆகவே நான் வந்து சேர்ந்த இடம் இதுதான். கவனம் இம்சையைக் குறைக்கிறது, இல்லாமல் ஆக்குவதில்லை. உபாகமம் எனக்கு அனுமதி தருகிறது, அமிர்தசந்திரர் தரவில்லை. நான் அனுமதியை எடுத்துக்கொண்டேன், மறுப்பைப் பொய் என்று சொல்லவில்லை. தேன் எடுக்கிறேன், விற்கிறேன், என் வீட்டு அடுப்பு அதில்தான் எரிகிறது. சென்ற பருவத்தில் மொத்தமாக வாங்க வந்த வியாபாரி ஒருவர், “ஓர் உயிரும் வதைபடாமல் எடுத்த தேன்” என்று லேபிள் ஒட்டினால் கிலோவுக்குக் கூடுதலாகத் தருவதாகச் சொன்னார். இயந்திரத்தில் சுற்றி எடுத்த ரப்பர்த் தேன் என்று மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், அது உண்மை என்றேன். பழைய விலைக்கே எடுத்துக்கொண்டு போனார்.