கண்ணுக்கு எட்டாத நாதம்

மேல்நாட்டு வாத்திய பிருந்தத்தைச் சேர்ந்த வயலின், செல்லோ, ஓபோ, ஹார்ன் முதலிய கருவிகளை மூன்று நான்கு வயதுக் குழந்தைகளுக்கு வர்ணப் படங்களால் அறிமுகம் செய்துவைக்கும் புத்தகங்களைப் பெற்றோர்கள் ஆவலோடு வாங்கிக் கொடுக்கிறார்கள். பார்வைக்கு மிகச் சாதாரணமாகத் தோன்றும் இந்தக் காரியத்துக்குள், நம் தார்க்கிகர்கள் விட்டுவைத்திருக்க மாட்டாத ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. ரூபத்தைக் கண்ணும் சப்தத்தைக் காதும் கிரகிக்கின்றனவே அன்றி, ஒன்றின் விஷயத்தை மற்றொன்று கிரகிப்பதில்லை. அப்படியிருக்க, ஆகாசத்தின் குணமென்று நையாயிகர்கள் சொல்லும் சப்தத்துக்காகவே உண்டான ஒரு வஸ்துவை, ஓசையற்ற காகிதத்தில் காட்டிவிட்டு, அதைக் குழந்தைக்குக் கற்பித்துவிட்டதாகச் சொல்லுவது எந்த வகையில் பொருந்தும்?

குழந்தைகளுக்கென்று படங்களோடு அச்சான பாடப் புத்தகங்களுள் ஆதியானதென்று பலரும் கொண்டாடும் ‘ஆர்பிஸ் சென்சுவாலியம் பிக்டஸ்’ 1658-இல் நூரம்பர்க் நகரில் வெளியாயிற்று. அதன் ஆசிரியர் கொமேனியஸ், மொராவியாவில் பிறந்து, மதப் பூசல்களால் தாய்நாட்டை இழந்து, அலைந்து திரிந்தபோதும் தம் சபைக்கு பிஷப்பாக இருந்தவர். முதலில் புலன்களில் படாத எதுவும் புத்தியில் ஏறாது என்பது அவருடைய சித்தாந்தம். அப்படிப்பட்டவரே சங்கீதக் கருவிகளுக்கென்று ஒரு பாடத்தை ஒதுக்கி, மரத்தில் செதுக்கிய சித்திரத்தைக் குழந்தைகளின் முன் வைத்தார். இது முரண்பாடு அல்லவா என்று கேட்கத் தோன்றும். ஆனால் அவர் அக்கருவிகளை வகுத்த முறையைக் கவனித்தால் அவருடைய நுட்பம் புலப்படும்: தட்டி ஒலிப்பவை, நரம்பு கட்டியவை, ஊதுபவை என்று, உருவத்தை விட்டு, ஓசை பிறக்கும் வகையையே அவர் ஆதாரமாகக் கொண்டார்.

நியாய சாஸ்திரத்தில் உபமானப் பிரமாணத்துக்கு வழக்கமாகச் சொல்லும் திருஷ்டாந்தம் ஒன்று உண்டு. காட்டுப் பசுவாகிய கவயத்தைக் கண்டறியாத நகரவாசி ஒருவனிடம், அது பசுவைப் போல இருக்கும் என்று காட்டில் வாழ்பவன் சொல்லுகிறான். பிற்பாடு காட்டுக்குப் போனவன் அந்த மிருகத்தைக் கண்டதும், கேட்ட வார்த்தையை நினைத்து, கவயம் என்ற பெயருக்குரியது இதுவே என்று தெளிகிறான். இதில் நையாயிகரின் அடக்கம் கவனிக்கத்தக்கது. உபமானத்தால் மிருகத்தைப் பற்றிய ஞானம் வந்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. பெயருக்கும் பெயருடைய பொருளுக்கும் உள்ள சம்பந்தம் மாத்திரமே தெரிந்தது என்கிறார். படப் புத்தகம் செய்வதும் அவ்வளவே. கச்சேரி மண்டபத்தில் என்றோ ஒரு நாள், “அதோ செல்லோ!” என்று குழந்தை கைநீட்டிக் காட்டுமானால், புத்தகம் தன் கடமையைச் செய்துவிட்டது. செல்லோவின் நாதம் அப்பொழுதுதான் முதன்முதலாகக் குழந்தையை வந்தடைகிறது. அதற்கு முன்னால் படித்த எந்தப் பக்கத்துக்கும் அதில் பங்கில்லை.

பங்கில்லாதது மட்டுமா? சில சமயங்களில் படம் வழிதப்பவும் செய்யும். ஓபோவையும் கிளாரினெட்டையும் அடுத்தடுத்து வரைந்தால், இரண்டும் வெள்ளிச் சாவிகள் பொருத்திய கருங்குழல்கள். குழந்தையின் கண்ணுக்கு அண்ணன் தம்பி. வித்தியாசமெல்லாம் வாயருகில் இருக்கிறது. ஓபோவில் மெல்லிதாகச் சீவிய இரண்டு நாணல் தகடுகள் நூலால் சேர்த்துக் கட்டப்பட்டு, ஒன்றோடொன்று மோதி அதிர்கின்றன. கிளாரினெட்டில் ஒற்றைத் தகடுதான். விரல் நுனியில் அடங்கும் இந்தச் சிறு பேதத்தால் ஒன்றின் குரல் கூர்மையாகி நெஞ்சைக் கிள்ள, மற்றொன்றின் குரல் திரண்டு குழைகிறது. இன்னொன்று: வெள்ளியாய் மின்னும் புல்லாங்குழலை உலோக ஊதுகருவிகளோடு சேர்க்கத்தான் கண் சொல்லும், மரக் காற்றுக்கருவிகளின் வரிசையே அதற்கு உரியதென்பது காட்சிக்குப் புறம்பான செய்தி.

ஆகவே, கருவியைத் தனியே எடுத்து வெள்ளைத் தாளின் நடுவில் நிறுத்தி, கீழே பெயரைப் பொறிக்கும் புத்தகங்களில் எனக்கு அவ்வளவாக உற்சாகம் இல்லை. சித்திரத்தால் ஓசையைக் காட்ட முடியாது; ஆனால் ஓசைக்குக் காரணமான கிரியையைக் காட்ட முடியும். உப்பிய கன்னமும் சாய்ந்த வில்லும் ஓங்கிய கையும் படத்தில் இருந்தால், மேகத்தைக் கண்டு மழையை அனுமானிப்பதுபோல், வரப்போகும் ஒலியைக் குழந்தை எதிர்பார்க்கத் தொடங்குகிறது. அமெரிக்காவில் 1982-இல் கார்லா குஸ்கின் எழுதி மார்க் சிமோன்ட் படம் வரைந்த ‘தி ஃபில்ஹார்மோனிக் கெட்ஸ் டிரெஸ்டு’ என்ற புத்தகம் இந்த மார்க்கத்தில் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் வாத்திய பிருந்தம் ஒன்றைச் சேர்ந்த 105 பேர் குளிக்கிறார்கள், துவட்டுகிறார்கள், காலுறை மாட்டுகிறார்கள், கறுப்பும் வெள்ளையுமாக உடுத்துகிறார்கள், வண்டியேறிப் போகிறார்கள். புத்தகம் முடியும் தறுவாயில்தான் வாத்தியங்கள் ஒலிக்கின்றன. இத்தனை பேர் இவ்வளவு சிரத்தையோடு எதற்காகப் புறப்படுகிறார்கள் என்ற ஆகாங்க்ஷையைப் பக்கத்துக்குப் பக்கம் வளர்த்துவிட்டு, நிறைவேற்றும் பொறுப்பைக் காதுக்கு விட்டுவிடுகிற யோக்கியமான புத்தகம் அது.

இதற்கு நேர்மாறான வழியும் உண்டு. ரஷ்ய இசையறிஞர் புரோகோஃபியெவ் 1936-இல் மாஸ்கோவின் குழந்தைகள் அரங்குக்காக இயற்றிய ‘பீட்டரும் ஓநாயும்’ என்ற கதையிசையில் பறவைக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ, பூனைக்குக் கிளாரினெட், தாத்தாவுக்குப் பாசூன், ஓநாய்க்கு மூன்று ஹார்ன்கள் என்று பாத்திரங்கள் பங்கிடப்பட்டன. அது பிற்பாடு எத்தனையோ படப் புத்தகங்களாயிற்று. குழந்தைகள் குதூகலிக்கிறார்கள், அதில் ஐயமில்லை. ஆனால் ஓபோ என்றாலே வாத்து என்று ஒருமுறை பதிந்துவிட்டால், சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள சம்பந்தம் இயற்கையானது, நித்தியமானது என்று சாதிக்கும் மீமாம்சகரைப் போலக் குழந்தையும் பிடிவாதக்காரனாகிவிடுகிறது. அது வெறும் சங்கேதமே என்ற நையாயிகர் கட்சிக்கு ஐரோப்பிய இசையிலேயே சாட்சி இருக்கிறது: 1877-இல் மேடையேறிய சைகோவ்ஸ்கியின் ‘அன்ன ஏரி’யில் அன்னத்தின் கீதத்தைப் பாடுவது அதே ஓபோ, ஒன்பது ஆண்டுகள் கழித்து சென் சான்ஸ் ‘மிருகங்களின் திருவிழா’வை இயற்றியபோது, அவருடைய அன்னம் செல்லோவில் நீந்திற்று. இவ்விரண்டு அன்னங்களையும் முதலில் கேட்கவைத்துவிட்டு, பீட்டரின் வாத்தை அதன் பிறகு வீட்டுக்குள் அழைத்து வருவதே உசிதம் என்பது என் கட்சி.