பூனை, குரங்கு, சைக்கிள்

வைணவத்தில் என் பிறந்தகம் தென்கலை, புகுந்தகம் வடகலை. பெருமாள் நம்மைக் காப்பது குட்டியைக் கவ்விப் போகும் பூனை போலவா, நாம்தான் தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி போல அவரைப் பற்ற வேண்டுமா என்ற சண்டை எனக்குச் சீர்வரிசையோடு வந்தது. ஜீவன் செய்ய வேண்டியது தடுக்காமல் இருப்பது மட்டுமே என்பார் அப்பா. பிள்ளை லோகாசாரியர் வழி. மாமனார் வேதாந்த தேசிகரைப் பிடித்தவர். ஒரு வியாஜமாவது, பெயருக்கு ஒரு சாக்காவது, நம் பக்கம் வேண்டும் என்பார்.

சித்தூரில் எங்கள் காருக்கு சைக்கிள் ஸ்டாண்டு பார்த்தபோது அந்தச் சண்டை டிக்கிக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் சந்திரகிரியில் சைக்கிள் ஓட்டிவிட்டு, ஸ்ரீவாரி மெட்டு வழியாகத் திருமலைக்குப் படியேற வேண்டுமாம். நம் கடைகளில் கிடைப்பது டிக்கிக் கதவில் கொக்கி மாட்டி நாடாவால் இழுத்துக் கட்டுவது. சுத்தமான குரங்குக்குட்டி. வெளிநாட்டில் வேறு மாதிரி: வண்டியின் அடிச்சட்டத்தில் போல்ட் போட்ட இழுவைக் கம்பி, நுனியில் 50 மில்லிமீட்டர் இரும்புக் குண்டு, அதன்மேல் ஸ்டாண்டு. வீடியோவைப் பார்த்த அப்பாவுக்கு ஒரே குஷி. "பார்த்தியா, வண்டியே தாங்கறது!"

மாமனார் விடவில்லை. "குண்டைக் கவ்வறது ஸ்டாண்டுதானேம்மா?"

அவர் சொன்னது சரி. இரண்டிலும் பற்றுவது ஸ்டாண்டுதான். வித்தியாசம் பாரம் எங்கே இறங்குகிறது என்பதில். கதவு சுமக்கப் பிறந்ததல்ல; கீல் முனகும், நாடா தளரும், ஓட்டுகிறவர் கண் கண்ணாடியிலேயே இருக்கும். இழுவைக் கம்பியோ பாரத்தை நேரே சட்டத்துக்குக் கொடுக்கிறது. குரங்குக்குட்டியைக் கிளை தாண்ட வைப்பதும் தாயின் பாய்ச்சல்தானே, குட்டியின் பிடி அல்லவே. எதைப் பிடித்தாய் என்பதை விட்டு எப்படிப் பிடித்தாய் என்று இவ்வளவு காலம் வாதாடியிருக்கிறோம்.

வெல்டிங் பட்டறையில் கம்பி செய்து தருகிறேன் என்றார்கள். நான்தான் மறுத்தேன். இழுவைக் கம்பி பொருத்தத்தக்க கார் என்றால், குண்டின்மேல் எத்தனை கிலோ ஏற்றலாம் என்று கையேட்டில் இருக்கும். ஸ்டாண்டின் எடையும் அதில் சேர்த்தி. எங்கள் காருக்கு அப்படி ஒரு வரி இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் நினைத்தபடி வண்டியை மாற்ற விடாது. பிரமாணம் இல்லாத இடத்தில் சரணாகதி என்ன வேண்டியிருக்கிறது? நாடா ஸ்டாண்டையே வாங்கி, நம்பர் பிளேட் மறையாதபடி உயர்த்திக் கட்டினோம். வழியில் பூதலப்பட்டில் இறங்கி நாடாவை இறுக்கினார் என் கணவர்.

திருமலைக்குப் போகும் வழியில் இந்தப் பாடு என்றதும் எனக்கு அனந்தாழ்வான் நினைவு வந்தது. ராமானுஜர் சொல்லி, திருமலையில் நந்தவனம் வைக்கப் போனவர். அவர் ஏரி வெட்ட, கர்ப்பிணி மனைவி மண் சுமந்தாள். இரங்கிக் கூடை வாங்கிச் சுமக்க வந்த பையன்மேல் கடப்பாரையை வீசினார். பையனாக வந்த பெருமாளின் மோவாயில் அது பட்டதால்தான் அங்கே பச்சைக் கற்பூரம் என்பது ஐதிகம். அந்தக் கடப்பாரை இன்றும் கோயில் மகாத்துவாரத்தில் மாட்டியிருக்கிறது. பெருமாளே தூக்க வந்தபோது துரத்தியவர் எந்தக் குட்டி?

அப்பாவைக் கேட்டேன். அது கைங்கரியம், வெறும் தொண்டு; மோட்சத்துக்கு உபாயம் இல்லை என்றார். மாமனாரும் அதையே சொன்னார். இருவரும் ஒத்துப்போய் நான் கேட்டது இந்த ஒன்றில்தான்.