புயலின் பாதையும் ஊழின் எல்லையும்

மழை வலுத்து, 2011 இலும் 2023 இலும் நேர்ந்ததுபோல, வெள்ளம் ஜோகூரின் சாஆ நகரத்து வீடுகளுக்குள் புகுந்து வடிந்தபின், சேறு கழுவும் கைகளோடு நம் பெரியவர்கள் "எல்லாம் விதி" என்று சொல்வதுண்டு. இழந்தவரின் துயரத்தை ஆற்றும் மருந்தாக இருக்கும்வரையில் அச்சொல்லோடு எனக்கு வழக்கில்லை. ஆயினும், முன்னரே அறிய வழியிருந்தும் அறிய முயலாமைக்கு அதுவே போர்வையாகும்போது, ஊழின் எல்லை எதுவென்று விசாரிப்பது நம் கடமையாகிறது.

புயலையே எடுத்துக்கொள்வோம். பூமத்திய ரேகைக்கு ஐந்து பாகைக்குள், பூமியின் சுழற்சி காற்றைத் திருப்பும் விசை மிகவும் குன்றிவிடுவதால், புயல் பிறப்பது அரிது என்பது சாஸ்திரத்தின் துணிபு. அத்துணிபை மீறி, 2001 டிசம்பர் இறுதியில், தென்சீனக் கடலில் ஏறத்தாழ ஒன்றரைப் பாகையில் 'வாமெய்' புயல் உருவெடுத்தது. 27 ஆம் நாள், சாஆவுக்குத் தென்கிழக்கே, ஜோகூரின் தென்கிழக்குக் கரையை ஏறிக் கடந்தது. அதன் மழையால் குனோங் பூலாய் மலையிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து ஐவர் உயிர் நீத்தனர். நூறு முதல் நானூறு ஆண்டுகளுக்கு ஒருமுறையே நேரக்கூடியது அது என்று பின்னர் ஆராய்ந்தோர் மதிப்பிட்டனர். இதைத் தெய்வச்செயல் என்று ஒருவர் சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் காற்று வழியின்றித் திரிவதில்லை. புயலை நடத்திச் செல்வது அதனைச் சூழ்ந்து உயரத்தில் பாயும் பெருங்காற்று. அக்காற்றை அளக்க நடுக்கடலில் நிலையங்கள் இல்லாமையே நெடுங்காலம் நம் அறியாமைக்குக் காரணமாயிருந்தது. 1999 இல் ஏவப்பட்ட குவிக்ஸ்காட் செயற்கைக்கோளும், 2009 இலும் 2016 இலும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்த ஓஷன்சாட்-2, ஸ்காட்சாட்-1 ஆகியனவும், காற்றுத் தீண்டிச் சிலிர்த்த கடற்பரப்பின் சிற்றலைகளில் ராடார் அலைகளை வீசி, அவை சிதறித் திரும்பும் வலிமையிலிருந்து கடல்மேல் வீசும் காற்றின் வேகத்தையும் திசையையும் கணித்தன. ஓரிடத்தில் நிலைத்து நோக்கும் வேறு கோள்களோ மேகங்களின் நகர்வைத் தொடர்ந்து உயரத்துக் காற்றை அறிவிக்கின்றன. தொடக்க நிலையில் நேரும் சிறுபிழை மூன்று நாளில் பெருந்தூரமாய் வளர்ந்துவிடுமாதலால், இந்த அளவீடுகள் கணிப்பொறிக்குள் சென்று சேரும்போது புயற்பாதையின் கணிப்பு திருந்துகிறது. கனமழை ராடாரின் கணக்கைக் குழப்புவதும் உண்டு; ஆதலால் கிட்டுவது முழுநிச்சயம் அன்று.

முன்வினையில் இப்பிறப்பில் பலிக்கும் பங்காகிய பிராரப்தத்தை நுகர்ந்தே தீர்க்கவேண்டும் என்ற நம் சைவ சித்தாந்தம், இப்பிறப்பில் நாம் புதிதாய் ஈட்டும் வினையை ஆகாமியம் என்று தனியே பிரித்துக் காட்டிற்று. வள்ளுவரும் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நில்லாமல் ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். புயல் எழுவது நம் வசத்தில் இல்லை. அது வரும் வழி தெரிந்தபின் அயலானுக்குச் சொல்லாதிருப்பது நம் வினை, நம் கணக்கில் ஏறும் வினை. ஒடிசாவில் 1999 புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மாண்டனர்; 2013 இல் 'பைலின்' வந்தபோது லட்சக்கணக்கானோர் முன்கூட்டியே அகற்றப்பட, மாண்டோர் தொகை நூறையும் எட்டவில்லை. அதே கடல், அதே கரை. முந்தியவர்களை மட்டும் விதி அழைத்தது என்று சொல்ல என் நெஞ்சு ஒப்பவில்லை.

இதனினும் கடினமான வினா ஒன்று உண்டு. முன்னறிவிப்பு ஒரு கோட்டைக் காட்டுவதில்லை. போகப் போக அகலும் ஒரு பரப்பைக் காட்டுகிறது. அப்பரப்புக்குள் வாழ்ந்து, வீட்டைப் பூட்டி வெளியேறியவன், புயல் வேறு திசையில் திரும்பிவிட்டதென்று அறிந்தால், ஏமாற்றப்பட்டதாகவே எண்ணுகிறான். பலன் நிச்சயமில்லாத இடத்திலும் செய்யவேண்டியதைச் செய்வதை நிஷ்காமிய கர்மம் என்று வியந்து பேசும் நாம், அந்த உபதேசம் நம் வாசலுக்கு இவ்வுருவில் வரும்போது அடையாளம் காண்பதில்லை. அவன் அடுத்த முறையும் வெளியேற வேண்டுமானால், நிவாரண மையத்திலிருந்து வெறுங்கையோடு திரும்புபவனை ஊர் நகையாமல் வரவேற்கவேண்டும். மழைக்கால எச்சரிக்கை வந்தவுடன் நம் கோயில்கள் ஒலிபெருக்கியில் அதனை அறிவித்து, வெள்ளம் எட்டாத மண்டபங்களைக் கேளாமலே திறந்துவைக்கவேண்டும்.