தமிழய்யா ஒருவர்தானா?

ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவும் வரவில்லையென்றால், அந்தப் பாவம் யாரைச் சேரும்? ஆரம்பப் பள்ளியைச் சேரும் என்பார் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர். தமிழய்யாவைச் சேரும் என்பார் கணக்கு வாத்தியார். தமிழய்யாவோ வீட்டைக் கைகாட்டுவார். வீட்டில் இருக்கிற தாயார், "பள்ளிக்கூடத்தை நம்பித்தானே அனுப்பினேன்?" என்பாள். இந்த வரிசையில் சாக்குச் சொல்லாதவள் அவள் ஒருத்திதான்.

இது எங்கோ ஓரிடத்துச் சங்கதியன்று. 2022ஆம் ஆண்டு அசர் ஆய்வின்படி, இந்தியக் கிராமங்களில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் நூற்றுக்கு எழுபது பேரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தது. மற்ற முப்பது பேரும் மறு வருஷம் உயர்நிலைப் பள்ளிக்குத்தான் வருவார்கள்.

இதைச் சொன்னவுடன், "எல்லாரையும் பாஸ் போடுவதால் வந்த வினை, நிறுத்தி வையுங்கள்" என்று சிலர் கிளம்பிவிடுகிறார்கள். 2009ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்தக்கூடாது என்றது. 2019இல் மத்திய அரசு அதைத் தளர்த்தியும் தமிழ்நாடு பழைய வழியிலேயே நின்றது. நின்றது நியாயம் என்பேன். ஒரே பெஞ்சில் இரண்டு வருஷம் உட்காரவைத்தால் எழுத்து வந்துவிடுமா, என்ன? ஆனால், வாசிக்கத் தெரியாதவனை மேலே அனுப்பிவிட்டு, அதற்கு இரக்கம் என்று பெயரிடுவதையும் என்னால் ஒப்ப முடியாது.

கடலூரில் ஒரு பள்ளிக்கூட இலக்கிய மன்றத்துக்குப் போயிருந்தேன், பெயர் வேண்டாம். ஒரு பையனின் விஞ்ஞான நோட்டைப் பார்த்தேன். முத்து முத்தான எழுத்து. ஒரு வரி படி, தம்பி என்றேன். அவன் பக்கத்துப் பையனின் உதட்டைப் பார்த்தான். கரும்பலகையில் இருந்ததைக் கோலம் போடுகிறமாதிரி வரைந்து வைத்திருக்கிறான்! "நல்ல பையன் சார், நோட்டு மட்டும் விடாமல் எழுதிவிடுவான்" என்றார் ஆசிரியர். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த நோட்டுத்தான் அத்தனை வருஷமும் அவனைக் காட்டிக்கொடுக்காமல் மறைத்திருக்கிறது.

'ஒளிச்சேர்க்கை' என்ற சொல்லைத் தமிழய்யா எப்போது நடத்தப்போகிறார்? விஞ்ஞான வாத்தியார்தான் அதைப் பிரித்து, சேர்த்து, வாய்விட்டு வாசிக்கவைக்க வேண்டும். பிறகு புத்தகத்தை மூடச்சொல்லி, "உனக்குப் புரிந்ததை இரண்டு வாக்கியம் எழுது" என்று கேட்க வேண்டும். பிழையோடு எழுதட்டுமே! அந்த இரண்டு வாக்கியமாவது அவனுடையது.

இது பட்டதாரி ஆசிரியருக்குக் கௌரவக் குறைவா? யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை ஏற்படுத்தினார். வாதத்துக்கு அஞ்சாத பண்டிதர் அவர். அவரேதான் உட்கார்ந்து குழந்தைகளுக்குப் படிப்படியாகப் பாலபாடமும் எழுதினார்.

பையனுக்கும் கௌரவம் உண்டு. அதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்புவரை பின்தங்கியவர்களுக்காக 2025இல் அரசு 'திறன்' திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது, நல்ல காரியம். ஆனாலும், மீசை அரும்புகிறவன் கையில் எல்லார் முன்னாலும் சின்னப் பிள்ளைப் புத்தகத்தைக் கொடுத்தால் அவன் கூசமாட்டானா? நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை சிறிசுகளுக்குச் சொல்லிக்கொடுப்பான். சென்னையில் இருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் பிள்ளைகளுக்குப் பிள்ளைகளே சொல்லிக்கொடுக்கும் முறையை இங்கே நடத்திப் பார்த்து, 1797இல் இங்கிலாந்தில் அதைப் புத்தகமாகவே போட்டார். அதே புத்தகத்தை அந்தப் பையனிடம் கொடுத்து, "வெள்ளிக்கிழமை இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு நீதான் கதை வாசிக்கப்போகிறாய்" என்று சொல்லிப் பாருங்கள். வியாழன் இரவு அவன் தூங்கமாட்டான், படிப்பான்.

சிதம்பரத்துத் தலைமையாசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "எல்லாம் சரி சார், பீரியடுக்கு எங்கே போவேன்?" என்றார். நோட்ஸ் எழுதவைக்கிற நேரத்தில் பாதியைத் தாருங்கள் என்றேன். ஆசிரியர்களைக் கலந்துகொண்டு சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.