முறையிட ஓரிடம்

என் மகளுக்கு நான் ஒருநாள் அடித்தேன். 2020ஆம் ஆண்டு மே மாதம், நோன்பு காலம். ஊரடங்கினால் தெருவில் ஈ காக்கை இல்லை. அவளுக்கு அப்போது எட்டு வயது. குசினி மேசையில் கணக்குக் கொப்பியை விரித்துவைத்து நாற்பத்திரண்டிலிருந்து பதினேழைக் கழிக்கச் சொல்லியிருந்தேன். இரண்டிலிருந்து ஏழு போகாது, பக்கத்து வீட்டில் பத்தைக் கடன் வாங்கு என்று ஐந்தாறு முறை சொல்லியாயிற்று. அவள் ஏழிலிருந்து இரண்டைக் கழித்து, நான்கிலிருந்து ஒன்றைக் கழித்து, 35 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போனாள். அடுப்பில் கஞ்சி பொங்கிக்கொண்டிருந்தது. மகன் பென்சிலால் சுவரில் ஏதோ கீறிக்கொண்டிருந்தான். என் கை எழும்பிவிட்டது.

அடி பெரிதல்ல. அதன் பிறகு நடந்ததுதான் என்னை இன்றுவரை விடாமல் துரத்துகிறது. அவள் அழுதுகொண்டு கதிரையிலிருந்து இறங்கி, இரண்டு கைகளையும் விரித்தபடி என்னை நோக்கி ஓரடி வைத்தாள். யாராவது ஏசினாலோ விழுந்து அடிபட்டாலோ எப்படி வருவாளோ அப்படி. பிறகு நின்றாள். அடித்தவளும் நானேதான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்கவேண்டும். கைகளை மெல்லத் தாழ்த்திக்கொண்டு, "நான் மூத்தம்மாட்ட போறன்" என்று பின்னறைக்குப் போய்விட்டாள்.

அந்த ஓரடியைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

அந்த ஆண்டு மார்ச் மாதம் பாடசாலைகளை மூடினார்கள். மகள் அப்போது மூன்றாந் தரம். மகன் முதலாந் தரத்தில் சேர்ந்து இரண்டு மாதங்கூட முழுதாகப் போகவில்லை. அவர்களின் வாப்பா கட்டாரில். எங்கள் கிழக்குக் கரையில் பெண் தாய்வீட்டிலேயே குடியிருப்பது வழக்கமாதலால் உம்மா எங்களுடன்தான். வாட்ஸ்அப்பில் ரீச்சர்மார் பயிற்சித்தாள்களை அனுப்பினார்கள். ஒரேயொரு கையடக்கத் தொலைபேசி. அதில் பாதி நேரம் கட்டார். ஆகவே தொலைபேசியை ஒதுக்கிவைத்துவிட்டு நானே படிப்பிக்கத் தொடங்கினேன். கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் தொண்டர் ஆசிரியையாக இருந்தவள் என்ற தைரியம்.

அந்த நாட்கள் கெட்ட நாட்கள் என்று எழுதினால் அது பொய். சுபஹுக்குப் பிறகு வீடு அமைதியாக இருக்கும். நான்கு சுண்டு ஒரு கொத்து என்பதை மகன் அரிசிப் பானைக்குள் கைவிட்டுத்தான் கற்றான். அரைவாசி, கால்வாசி என்பவை தேங்காயிலும் பாணிலும் விளங்கின. மூத்தம்மாவிடம் கச்சானும் வாடையும் கொண்டலும் எந்தப் பக்கத்திலிருந்து வீசும், எப்போது கடல் அடிக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டான். நாற்பது பிள்ளைகளுள்ள வகுப்பில் எந்த ரீச்சருக்கு இதற்கெல்லாம் நேரம்? மகளும் நன்றாக வாசிக்கத் தொடங்கினாள். ஒரு கதையின் நடுவில் நிறுத்தி, அந்தக் கிழவிக்குப் பிள்ளைகள் இல்லையா என்று கேட்பாள். நாங்கள் அரைமணி நேரம் அந்தக் கிழவியைப் பற்றியே கதைப்போம். மணி அடிக்காத பாடசாலை அது.

இதனால் 2021 ஒக்ரோபரில் ஆரம்பப் பிரிவுகளைத் திறக்கத் தொடங்கியபோது, பிள்ளைகளை அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் படிப்பித்தால் என்ன என்ற எண்ணம் எனக்குள் வேர்விட்டிருந்தது. மகள் நான்காந் தரம். அடுத்த வருடம் புலமைப்பரிசில். மாதிரி வினாத்தாள், மாலை ரியூசன், சனிக்கிழமை ரியூசன், தாய்மார் பாடசாலை வாசலில் நின்று புள்ளிகளை ஒப்பிட்டுப் பார்ப்பது எல்லாம் என் கண்முன் வந்தன. பத்து வயதுப் பிள்ளையின் ஒரு வருடத்தை ஒரு நாள் காலைக்காகப் பிழிந்தெடுக்கும் ஏற்பாட்டுக்கு அவளை ஏன் கொடுக்கவேண்டும்?

வாசிக்க வாசிக்க என் பக்கத்துக்கு நியாயங்கள் சேர்ந்தன. அமெரிக்காவில் ஐம்பது மாநிலங்களிலும் பெற்றோர் வீட்டில் வைத்துப் படிப்பிக்கச் சட்டம் இடங்கொடுக்கிறது. 1948ஆம் ஆண்டின் உலகப் பொது மனித உரிமைகள் பிரகடனம் தனது 26ஆம் உறுப்புரையில், பிள்ளைக்கு எத்தகைய கல்வி என்பதைத் தெரிவுசெய்வதில் பெற்றோருக்கே முன்னுரிமை என்கிறது. தாகூர் பாடசாலையை வெறுத்து வீட்டில் படித்தவர் என்பது எல்லாருக்கும் தெரியும். (அப்படி வெறுத்தவரே 1901இல் சாந்திநிகேதனில் ஒரு பாடசாலையைத் தொடங்கினார் என்பதை நான் அப்போது வசதியாக மறந்திருந்தேன்.)

உம்மாவிடம் சொன்னேன். அவர் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"அஞ்சாம் வகுப்போட என்னயும் ஊட்டுக்குள்ள வெச்சித்தான் படிப்பிச்ச" என்றார் பிறகு.

இது எனக்குத் தெரிந்த கதைதான். உம்மா பெரியபிள்ளையானதும் நிறுத்திவிட்டார்கள். 1945இலேயே இந்நாட்டில் இலவசக் கல்வி வந்துவிட்டது. உம்மாவை நிறுத்தியது பணமில்லாமை அல்ல. வீட்டில் ஓதினால் காணும், கடிதம் வாசிக்கத் தெரிந்தால் காணும் என்ற எண்ணம். எங்கள் பெண்களின் வரலாற்றில் வீட்டுக் கல்வி என்பது பல சமயங்களில் பூட்டுக்கு வைத்த மரியாதையான பெயர். அதை இதனோடு ஒப்பிட முடியாது என்றேன். நான் பூட்டவில்லை, நிறையக் கற்றுக்கொடுக்கப் போகிறேன் என்றேன்.

"என்ட வாப்பாவும் நல்லாத்தான் படிப்பிச்சார். குர்ஆன், அரபுத்தமிழ், கணக்கு எல்லாம். ஒரு நாளும் கை நீட்டினதில்ல. ஆனா புள்ள, வாப்பாவோட கோவம் எண்டா அதயும் வாப்பாட்டத்தான் சொல்லணும்."

அவ்வளவுதான். வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். குசினி மேசைக்கும் எனக்கும் இடையில் என் மகள் வைத்த அந்த ஓரடி என் கண்முன் வந்து நின்றது.

ரூசோ 1762இல் வெளியிட்ட 'எமீல்' என்ற நூலைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக ஒரு விடயத்தைச் சொல்லிச் சிரிப்பார்கள். பிள்ளை வளர்ப்பைப் பற்றி அத்தனை பக்கம் எழுதிய மனிதர் தனது ஐந்து பிள்ளைகளையும் அநாதை விடுதியில் விட்டுவிட்டார். எனக்கு அதைவிட அச்சமூட்டுவது நூலுக்குள் இருக்கிறது. ஒரேயொரு பையன், ஒரேயொரு ஆசான். பையன் காண்பது, விழுவது, கேட்பது எல்லாவற்றையும் ஆசானே முன்கூட்டி ஏற்பாடு செய்துவைத்திருக்கிறார். பையனோ தான் விரும்பியபடி நடப்பதாக எண்ணிக்கொண்டிருக்கிறான். அன்பான ஏற்பாடுதான். ஆனால் அந்த ஆசான் ஒரு விடயத்தில் பிழைவிட்டால் எமீல் யாரிடம் போய்ச் சொல்லுவான்?

நம்மவரான இப்னு கல்தூன் 1377இல் எழுதிய 'முகத்திமா'வில் மாணவரிடம் கடுமை காட்டுவதன் கேட்டைப் பற்றித் தனியாக ஓர் அத்தியாயமே வைத்திருக்கிறார். அடக்கி வளர்க்கப்படும் பிள்ளை பொய்க்குப் பழகும், உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக நடக்கும், நாளடைவில் அதுவே அதன் குணமாகிவிடும் என்பது அவரது கருத்து. அடிக்குப் பிறகு என் மகளிடம் இதைக் கண்டேன். கணக்குகள் சரியாக வந்தன. எப்படி வந்தன என்பதைக் கவனிக்க எனக்குச் சில வாரங்கள் எடுத்தன. இலக்கத்தைப் பாதி எழுதிவிட்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பாள். முகம் சுருங்கினால் அழிறப்பர். முகம் மலர்ந்தால் மீதிப் பாதி. அவள் கற்றுக்கொண்டிருந்தது கழித்தலை அல்ல, என்னை.

அதே அத்தியாயத்தில் கலீபா ஹாரூன் அல்-ரஷீத் தன் மகன் அல்-அமீனை ஆசிரியரிடம் ஒப்படைத்தபோது சொன்ன அறிவுரையை இப்னு கல்தூன் எடுத்துக்காட்டுகிறார். உமது கட்டளைக்கு அவன் பணியவேண்டும், ஆனால் அவன் மனதைச் சாகடித்துவிடாதீர் என்கிற பொருளில் போகும் அறிவுரை அது. எத்தனையோ பேர் அதை ஆசிரியருக்கான இலக்கணமாக எடுத்து மேடையில் பேசக் கேட்டிருக்கிறேன். எனக்கு இப்போது அதில் வேறொன்று தெரிகிறது. ஆசிரியருக்கு அதிகாரத்தைக் கொடுத்த கலீபா தகப்பனாகவே மிஞ்சுகிறார். மகன் ஓடிவந்து சொல்ல ஒருவர் இருக்கிறார். அதிகாரமும் ஆறுதலும் இரண்டு வெவ்வேறு ஆட்களிடம் இருக்கின்றன.

அன்பிருந்தால் அதிகாரம் பிழையாகாது என்று நான் நம்பியிருந்தேன். தாயைவிடப் பிள்ளையில் அக்கறையுள்ள ஆசிரியை யார் என்று கேட்டால் பதில் சொல்லமுடியாது என்பது உண்மையே. ஆனால் அக்கறை கூடக்கூட என் பொறுமை குறைந்தது. மற்றவர் பிள்ளை 35 என்று எழுதினால் அது ஒரு பிழையான விடை. என் பிள்ளை எழுதினால் அது என் எதிர்காலம், கட்டாரில் வெயிலில் நிற்கும் மனிதருக்கு நான் சொல்லவேண்டிய கணக்கு, மச்சிமார் முன் என் முகம். அந்த எட்டு வயதுப் பிள்ளையின் கொப்பியில் இத்தனை பேரும் ஏறி உட்கார்ந்திருந்தோம்.

பிள்ளை ஓர் அமானிதம் என்று நாம் சொல்லுகிறோம். அமானிதப் பொருளைப் பத்திரமாக வைத்திருப்பவன் அதன் சொந்தக்காரன் அல்ல என்பதும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. 26ஆம் உறுப்புரையை மறுபடி வாசித்தேன். எத்தகைய கல்வி என்று தெரிவுசெய்யும் உரிமைதான் எனக்கு. அந்தக் கல்வி முழுவதும் நானாகவே இருக்கும் உரிமையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

இதற்காகப் பாடசாலையைத் தூக்கிப் பிடிக்கவும் எனக்கு மனமில்லை. பாடசாலைக்குப் போனால் பிள்ளை பலதரப்பட்ட மனிதரைக் காணும் என்பார்கள். எங்கள் ஊரில் அது பாதி உண்மை. முஸ்லிம் பாடசாலைக்கு முஸ்லிம் பிள்ளை, ஒரு வாய்க்காலுக்கு அப்பால் தமிழ்ப் பாடசாலைக்குத் தமிழ்ப் பிள்ளை. என் மகள் வகுப்பிலே காணப்போவது அவளுடைய மச்சிமாரைத்தான். பிரம்பும் முற்றாகப் போய்விடவில்லை. என் வாப்பாவை லெப்பையிடம் ஓத விடும்போது, கண் இரண்டை மட்டும் விட்டுவைக்கச் சொல்லித்தான் அவரை ஒப்படைத்தார்களாம். அந்தப் பேச்சு வழக்கொழிந்தாலும் மனப்பான்மை சில வகுப்பறைகளில் இன்னும் உலாவுகிறது. முறையிட ஓரிடம் என்று நான் சொல்வது, பிள்ளை அழுதுகொண்டு வந்தால் நம்புகிற வீடு இருந்தால்தான் பொருள்படும். ரீச்சர் சும்மா அடிப்பாவா, நீ என்ன செய்தாய் என்று கேட்கிற வீட்டில் அந்த இடமும் இல்லை. நானும் அப்படிக் கேட்டிருக்கிறேன்.

அனுப்பினேன். முதல் நாள் மத்தியானம் வாசலிலேயே காத்துநின்று, என்ன நடந்தது என்று மகளைக் கேட்டேன். "ஒண்டுமில்ல" என்றாள். முகத்தில் ஏதோ இருந்தது. சந்தோஷமா, சண்டையா என்று எனக்கு விளங்கவில்லை. பத்தொன்பது மாதங்களாக அவள் மூக்கு அரிப்பதைக்கூட அறிந்திருந்த எனக்கு அந்த ஒரு சொல் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. தொட்டியடியில் முகம் கழுவிவிட்டு நேரே மூத்தம்மாவின் அறைக்குப் போனாள். உள்ளே இருவரும் எதற்கோ சிரித்தார்கள். நான் போய்க் கேட்கவில்லை. கேட்காமலிருக்க மிகவும் பாடுபட்டேன்.

2022இல் எரிபொருள் இல்லாமல் போய்ப் பாடசாலைகள் மறுபடி முடங்கியபோது குசினி மேசைக்குத் திரும்பவேண்டி வந்தது. இந்தத் தடவை பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஓர் ஒழுங்கு பேசினேன். அவர் உயர்தரம் வரை கணக்குப் படித்தவர். என் பிள்ளைகள் இருவரும் கணக்குக்கு அங்கே போவார்கள். அவருடைய மகன் தமிழுக்கு என்னிடம் வருவான். உங்களுக்குத்தான் படிப்பிக்கத் தெரியுமே, ஏன் இந்த அலைச்சல் என்று அவர் கேட்டார். எனக்குக் காரணம் சொல்ல வெட்கமாக இருந்தது. அவங்க வாப்பாவோடு கதைக்கிற நேரம் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

முதல் கிழமையே மகள் கொப்பியோடு ஓடிவந்து, அந்த மாமி ஒரே கணக்கைப் பத்துத் தரம் செய்யச் சொல்லுகிறா, ஏசுகிறா என்று என் மடியில் முகத்தைப் புதைத்தாள். அந்த மாமி ஏசியது நியாயமா என்று நான் விசாரிக்கவில்லை. தலையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

அன்று பின்னேரம் பக்கத்து வீட்டுப் பையனுக்கு நான் சொல்வதெழுதல் கொடுத்தேன். றகரம், ரகரம் இரண்டும் அவனுக்கு ஒன்றுதான். பிழைவிட்ட சொற்களை ஐந்து தரம் எழுதச் சொன்னேன். எழுதிவிட்டு, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனான். சற்று நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கத்தில் அவன் தன் உம்மாவிடம் என்னைப் பற்றிச் சொல்லுவது கேட்டது. உரத்த குரலில், இல்லாததையும் பொல்லாததையும் சேர்த்து, நன்றாகவே சொன்னான். நான் கஞ்சியைத் துழாவிக்கொண்டு கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தேன்.